வெள்ளைக் கையுறையில் சிவப்புக் கறை

ஒரு படத்துக்கு முன்னால் வந்து நின்ற பெண் சத்தம் போடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் படித்துவிட்டு வந்த எந்தப் பாடத்திலும் அது இருக்காது. நானும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டி, அதன் பக்கத்தில் அட்டை எழுதி ஒட்டி, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது. அதனால் எழுத்து கொஞ்சம் முன்பின்னாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம், கண்காட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் இரணியலுக்கு என் வீடு தேடி வந்தீர்கள். "டீச்சர், ஒரு படத்துல குறியீடு இருந்தா அத அட்டையில எப்பிடிச் சுருக்கமா எழுதுறது?" என்று கேட்டீர்கள். நான் யாருக்கும் டீச்சராக இருந்ததில்லை. கண்ணாடி போட்டுப் பருத்திச் சேலை கட்டினால் இந்த ஊரில் டீச்சர்தான், போகட்டும். வெள்ளை என்றால் தூய்மை, மொட்டு என்றால் இளமை, வெறுங்கால் என்றால் கள்ளமின்மை என்று நீங்கள் கடகடவென்று ஒப்பித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நீங்கள் போன பிறகு பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாகர்கோவிலில் எங்கள் கூடம் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். மாடியில் ஒரே ஒரு பெரிய அறை, தானாக மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு, ஏசி. அந்த வருடம் மாவட்டத்து இளம் ஓவியர்களின் படங்களை வைப்பதென்று முடிவானது. 'பிள்ளைப் பருவம்' என்று பொதுத் தலைப்பு கொடுத்திருந்தோம். வந்தவை பெரும்பாலும் நீங்கள் நினைக்கிற மாதிரிதான்: பட்டம், தும்பி, மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல். அருமனையிலிருந்து அபிஷா என்ற பெண் கொண்டுவந்த படம் மட்டும் அப்படி இல்லை. சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் நான் கலங்கி ஓரடி பின்வாங்கினேன்.

படத்தில் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை கவுன். தலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் பூக்களால் ஆன கிரீடம், நடுவில் ஒரே ஒரு நீலப்பூ. இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. காலில் வெள்ளைக் காலுறை, செருப்பு இல்லை. கால்கள் தரையைத் தொடவில்லை. ஒரு கன்னம் எதையோ அதக்கியதுபோல் உப்பியிருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் நுனியில், கையுறையின் மேல், ஒரு சிவப்புக் கறை. பின்னால் பளபளவென்று வார்னிஷ் அடித்த உயரமான பலகைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சிறுமி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் பெயர் 'அப்பா வருவதற்கு முன்'.

வெளியூர்க்காரருக்கு இதில் கலங்க ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிறந்தவர்களுக்குத்தான் அது தெரியும். இங்கே பல கிறிஸ்தவ வீடுகளில் சிறு பிள்ளை இறந்துபோனால் வெள்ளை உடுப்பு போட்டு, கிரீடம் வைத்து, கையுறையும் காலுறையும் மாட்டித்தான் பெட்டிக்குள் கிடத்துவார்கள். மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் உடுத்தியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பீடம்வரை நடந்து போக வேண்டும், அதற்குச் செருப்பு போடுவார்கள். பெட்டிக்குள் கிடக்கிற பிள்ளைக்கு எதற்குச் செருப்பு? காலுறையைப் பார்த்த அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெண் ஒரு சவத்தைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள் என்று. எனக்குக் கோபம்கூட வந்தது.

அபிஷாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அதிகம் பேசாத பெண். அப்பா மரவேலை செய்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், இது செத்துப்போன பிள்ளையா என்று.

"இல்ல டீச்சர். உயிரோட உள்ள பிள்ளதான்," என்றாள். "அதுக்க மேல ஒண்ணும் கேக்காதீங்க."

அட்டையில் எழுத ஒரு வரியாவது சொல் என்றேன். தலைப்பு போதும் என்றாள். சரி, அவள் படம், அவள் வாய் என்று விட்டுவிட்டேன். ஓவியரின் பெயர், படத்தின் பெயர், தைலவண்ணம் என்று மட்டும் எழுதி ஒட்டினேன். மற்ற படங்களுக்கெல்லாம் நாலு வரி இருந்தது. இதற்குக் கீழே வெறும் வெள்ளை இடம்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு விமர்சகரை அழைத்திருந்தோம். நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், அதுதான் சங்கடமே. எல்லாப் படத்தையும் விட்டுவிட்டு அபிஷாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெள்ளை கவுன் மாசின்மை. கிரீடம், குழந்தைதான் தன் உலகத்துக்கு அரசி என்பதைச் சொல்கிறது. செருப்பில்லாத கால், மண்ணை இன்னும் தொடாத பருவம். பின்னால் இருப்பது மூடிய கதவு, பெரியவர்களின் உலகம் அதற்கு அப்பால் இருக்கிறது. விரல்நுனிச் சிவப்பு, பிள்ளைப் பருவம் முடியப்போவதன் முதல் அறிகுறி. தலைப்பில் வரும் அப்பா வீட்டு அப்பா அல்ல, பரமபிதா. இப்படி ஒன்று விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். கேட்க அழகாக இருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒருவர் படத்தை விளக்கும்போது விளக்குபவரைப் பார்க்காதீர்கள், கேட்பவர்களைப் பாருங்கள். முன்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் கை தட்டவில்லை. ஒரு வயதான அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். அபிஷா ஜன்னலோரம் தலையைக் குனிந்து நின்றாள். அவ்வளவு பாராட்டைக் கேட்ட முகம் இல்லை அது.

மறுநாள் காலை அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. செத்த பிள்ளையை வைத்துக் காட்சி நடத்துகிறார்கள், நம் அடக்கச் சடங்கைக் கேலி செய்கிறார்கள் என்று ஒருவர் எழுத, அதைப் பத்துப் பேர் பரப்ப, என் கைப்பேசி ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அழைத்துத் தன் பிள்ளையை அடக்கம் செய்ததைச் சொல்லி அழுதார். தலைப்பைக் குறிப்பிட்டுத்தான் அழுதார். இந்த மாவட்டத்தில் எத்தனையோ அப்பாக்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், பிள்ளையின் அடக்கத்துக்கு வந்துசேர முடியாமல் போனவர்களும் அதில் உண்டு. 'அப்பா வருவதற்கு முன்' என்பதை அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அறக்கட்டளைச் செயலாளர் தொலைபேசியில் கத்தினார். உடனே படத்தைக் கழற்றிச் சாமான் அறையில் வைத்துவிடச் சொன்னார். கழற்றினால் நாம் தப்பு செய்தோம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அந்தப் பெண்ணின் பெயர் இந்தப் பக்கத்தில் அதோடு முடிந்துவிடும், சாயங்காலம்வரை பொறுங்கள் என்றேன். நெருக்கடியில் நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது பெரும்பாலும் சாயங்காலம்வரை என்கிற இந்த அவகாசம் மட்டும்தான். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கூடம் திறந்து கொஞ்ச நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா, தம்பி. தம்பியின் பெயர் ஜஸ்டின், சண்டைக்கென்றே வந்த முகம். அக்கா ஸ்டெல்லா ஐம்பதை நெருங்கியவள், மெலிந்த உடம்பு. அவள் உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம், ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததுதான். ஏசிக் காற்று வெளியே போகிறது, கதவை மூடிவிடலாமா என்று கேட்டேன்.

"அவளுக்குக் கதவு அடச்சா ஆவாது," என்றான் ஜஸ்டின். "வீட்டிலயும் அப்பிடித்தான். மழயானாலும் ஒரு கதவையும் அடைக்க விடமாட்டா. எவன் வரஞ்சான் இந்தப் படத்த?"

அவனுக்குப் பதில் சொல்வதற்குள் ஸ்டெல்லா படத்துக்கு முன்னால் போய்விட்டாள். நீலப்பூவைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். முகத்தை அந்த விரலுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். மயக்கமில்லை, கண் திறந்துதான் இருந்தது.

"இது எனக்க மொவளுக்க கையொறை," என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். சொல்லச் சொல்ல எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, ஆனால் கேட்டேன். அவளுடைய மகள் ஜெஸ்லின் பதினெட்டு வருடத்துக்கு முன், ஏழு வயதில், மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கணவருக்கு வளைகுடாவில் விடுப்பு கிடைக்கவில்லை. அவருக்காக நாள் கடத்த முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஜஸ்டின் அருமனைக்கு ஓடிப்போய்ப் சவப்பெட்டிக் கடையில் உடுப்பும் நீலப்பூ வைத்த கிரீடமும் கையுறையும் வாங்கிவந்தான். வேறு யாரையும் தொடவிடாமல் ஸ்டெல்லாவே பிள்ளைக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். வலது கையுறையை மாட்டியபோது அதன் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மாட்டி முடித்துப் பார்த்தால் விரல்நுனியில் சிவப்பு.

பிள்ளைக்குக் கை வேர்க்கிறது, ரத்தம் வருகிறது, செத்தவளுக்கு வேர்க்குமா, இன்னொரு தடவை டாக்டரைக் காட்டுங்கள் என்று அவள் கத்தியிருக்கிறாள். பெண்கள் நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும் என்றார்கள். சிவப்பு தெரியாதபடி கையைச் சுற்றிச் செபமாலையைக் கட்டினார்கள். பெட்டியை மூடினார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம், பிள்ளையை உயிரோடு வைத்து மூடிவிட்டோம் என்று. கணவர் வந்தபோது அவரிடம் ஒருமுறை சொன்னாள், அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அன்று விடிந்ததும் அண்டை வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் இந்தப் படத்தைப் பார்த்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, கறையைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஜஸ்டின் சண்டை போட வந்தான். அவள் சண்டைக்கு வரவில்லை.

"நான் கண்டத இன்னொருத்தியும் கண்டிருக்கா டீச்சர்," என்றாள். "பிள்ள கண்ணத் தொறந்திருக்க மாதிரி வரஞ்சிருக்கா பாத்தியளா. அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. எம்பிள்ளைக்கு உசிரு இருந்துதா இல்லியா?"

மாசின்மை, அரசி, மூடிய கதவு என்று கைதட்டு வாங்கிய அதே படத்தைப் பார்த்துத்தான் ஒரு தாய் இப்படிக் கேட்கிறாள். கறைக்கு என்ன பொருள் என்று முந்தின நாள் ஒரு கூட்டமே யோசித்தது. அது என்ன கறை என்று அபிஷாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய் அவளை அழைத்தேன். சுற்றி வளைக்கவில்லை, அந்தச் சிவப்பு என்ன என்று மட்டும் கேட்டேன்.

அவள் எங்கோ தள்ளிப்போகும் காலடிச் சத்தம் கேட்டது.

"தேன்முட்டாய் டீச்சர்," என்றாள்.

பிறகு கொட்டிவிட்டாள். அவள் அப்பா செய்யும் மரவேலை சவப்பெட்டி. வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிக்கூடத்தில் அவளுடைய சோற்றுப் பாத்திரத்தைக்கூட யாரும் தொடமாட்டார்களாம், அதனால் எங்கேயும் சொல்வதில்லை. சின்ன வயதில் அப்பா வெளியே போகும்போதெல்லாம் கடைச் சரக்கை எடுத்துப் போட்டு விளையாடுவாள். அவளுக்கு அது இளவரசி உடுப்பு. எதற்கான உடுப்பு என்று தெரிகிற வயதில்லை. அவள் பின்னால் நின்ற பளபளப் பலகைகள் கதவுகள் அல்ல, சாத்தி வைத்த பெட்டி மூடிகள். ஒருநாள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, தேன்மிட்டாய் தின்றுகொண்டு, அப்பா வருவதற்கு முன் கழற்றிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார். கூடவே அவசரமாக ஒரு ஆள். அந்த அளவில் கடையில் அந்த ஒரே செட்தான் இருந்தது. அப்பா அவளை உள்ளே இழுத்துப்போய் ஒரு அடி வைத்து, உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, கொடுத்து அனுப்பிவிட்டார்.

கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் அந்த உடுப்பு எங்கே போனது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை தன் மிட்டாய்க் கறையோடு மண்ணுக்குள் போய்விட்டது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் கடைக்குக் கெட்ட பெயர் என்று அப்பா சொல்லியிருந்தார். சொல்ல முடியாததை வரைந்தாள்.

இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்பாக்க கடை போயிரும் டீச்சர். ஒரு பிள்ள போட்டுக் கழத்துனத சவத்துக்குக் குடுத்தான்னு சொன்னா பொறவு எவரு வருவாங்க?"

அதுவும் உண்மைதான். அவளை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? நீ வரலாம், வராமலும் இருக்கலாம், நீ வராவிட்டால் நான் உன் பேரைச் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையை உயிரோடு புதைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன். கடைசியில், "பஸ் ஏறுதேன்," என்றாள்.

அருமனையிலிருந்து பஸ் வந்துசேர வேண்டுமே, அந்த நேரம்தான் என் வேலைக்காலத்திலேயே மோசமான நேரம். கூடத்துக்கு வந்தவர்களைப் படிக்கட்டிலேயே திருப்பி அனுப்பினேன். செயலாளரின் அழைப்பை எடுக்கவில்லை. உள்ளே ஸ்டெல்லா படத்தைவிட்டு நகராமல் இருந்தாள். அவளுக்கு வேண்டிய பதில் என் வாயில் இருந்தது, ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அது ஆறுதல் பேச்சாகப் போயிருக்கும். ஆறுதலுக்காகச் சொன்ன பொய்களை அவள் எவ்வளவோ கேட்டிருப்பாள். இன்னொரு பயமும் இருந்தது. வேறொரு பிள்ளை கழற்றிப்போட்ட உடுப்பா என் மகளுக்கு என்று அவள் வெகுண்டு எழுந்தால் என்ன செய்வேன்? எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அபிஷா வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, ஓடிவந்த மூச்சோடு. ஜஸ்டின் எழுந்தான். நான் குறுக்கே நின்று, இவள்தான் வரைந்தவள், முதலில் கேளுங்கள் என்றேன். அபிஷா நேராகப் போய் ஸ்டெல்லாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, தன் அப்பாவின் கடை இன்ன கடை என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட அழவில்லை. ஸ்டெல்லா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தன்னைத் தேற்ற நாங்கள் மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டோம் என்று நினைப்பவளைப்போல எங்களை மாறிமாறிப் பார்த்தாள்.

அப்போது ஜஸ்டின் பேசினான். அவன் குரலே மாறிப்போயிருந்தது.

"அன்னைக்கு நான் காதால கேட்டேன் அக்கா. கடைக்காரரு என்ன வெளிய நிக்கச் சொல்லிட்டு உள்ள போனாரு. ஒரு அடிச் சத்தம் கேட்டுது. பொறவு ஒரு பிள்ள கரஞ்சு அழுதுது. நம்ம வீட்டுல கெடக்க பிள்ளய நெனச்சுக்கிட்டு நின்னேன், அதை யாருகிட்டயும் சொல்லணும்னே தோணல."

ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள். பிறகு அபிஷாவின் வலது கையைப் பிடித்து இழுத்து, திருப்பி, உள்ளங்கையைத் தடவினாள். அது அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. சிலருக்குக் கை அப்படித்தான், எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும்.

"ஒனக்க கையா வேர்த்துது?"

"ஆமா."

"அந்தச் சொவப்பு?"

"தேன்முட்டாய்."

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் கோபப்படுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் கேட்டது நான் நினைத்தே பார்க்காத ஒன்று.

"அடிச்சானே, வலிச்சுதா மக்கா?"

அதுவரை அழாத அபிஷா அப்போதுதான் உடைந்தாள். ஸ்டெல்லா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்று நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதைப் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். படத்தை நாங்கள் கழற்றவில்லை. ஸ்டெல்லாவே செயலாளரிடம் பேசி, அது இருக்கட்டும் என்றாள். வாட்ஸ்அப்காரர்களுக்கு அடுத்த வாரம் வேறு கோபம் கிடைத்துவிட்டது. சென்னை விமர்சகருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கள்ளமற்ற பிள்ளை என்று சொன்னதில் தப்பில்லை, அந்தப் படத்தில் இருந்தது அதுதான். தன் தலையில் இருப்பது என்ன என்று தெரியாமல் மிட்டாய் தின்றுகொண்டிருக்கும் ஒரு பிள்ளை. அவர் அங்கே வந்துசேர்ந்த வழி முழுக்கத் தப்பு, நான் காலுறையைப் பார்த்துப் போன வழி அதைவிடத் தப்பு. ஆகவே உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அட்டையில் எழுதாதீர்கள். வெள்ளை இடம் இருந்துவிட்டுப் போகட்டும். வரைந்தவர் உயிரோடு இருந்தால், இது எதன் குறியீடு என்று கேட்காமல், இது என்ன என்று கேளுங்கள். பதில் தேன்மிட்டாயாகவும் இருக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் முதலில் படியிறங்கினான். ஸ்டெல்லா வாசலில் நின்று, காலையில் தான் முட்டுக் கொடுத்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள். கண்ணாடிக் கதவு மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும்வரை அங்கேயே நின்றாள். மூடிய கதவின்மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பின்னால் இறங்கிப் போனாள்.